யாங்கோன் நகரின் குப்பை: தரப்புகள் ஒன்றுசேராத ஒரு மாநகரின் கதை

2021ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி, மியன்மாரின் மிகப்பெரிய நகரான யாங்கோனின் பல வீதிச் சந்திகளில் குப்பைப் பைகள் குவிந்து கிடந்தன. அவற்றைப் போட்டவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். அந்த ஆண்டு பிப்ரவரி முதலாம் தேதி ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்துக்கு எதிரான ஒத்துழையாமைப் போராட்டத்தின் ஓர் அங்கமாக, வீட்டுக் குப்பையை முக்கிய சந்திகளில் கொண்டுவந்து போடுமாறு ஆர்வலர்கள் விடுத்த அழைப்பை ஏற்று நகரவாசிகள் செய்த செயல் அது. குப்பையை முறையாக அகற்றுமாறு சில பகுதிகளில் ஒலிபெருக்கி மூலம் அறிவிப்புகள் விடுக்கப்பட்டன.

'குப்பை வேலைநிறுத்தம்' என்று அழைக்கப்பட்ட அந்தப் போராட்டம் ஓர் அரசியல் செய்தியைச் சொன்னது. அத்துடன், நகர நிர்வாகம் குறித்த ஓர் உண்மையையும் அது வெளிப்படுத்தியது. ஒரு மாநகரம் தூய்மையாக இருப்பது லாரிகளாலும் எரியாலைகளாலும் மட்டும் அல்ல. வீட்டிலிருந்து குப்பையைக் கொண்டுவருபவர், அதை அள்ளும் தொழிலாளி, பயன்படும் பொருளைப் பிரித்து விற்கும் ஏழை, அதை வாங்கும் காயலான் கடைக்காரர், மேற்பார்வை செய்யும் நகர நிர்வாகம் ஆகிய தரப்புகளுக்கு இடையே எழுதப்படாத ஓர் உடன்பாடு இருக்க வேண்டும். அந்த உடன்பாடு யாங்கோனில் எப்படி உருவாகத் தொடங்கியது, ஏன் முழுமை பெறவில்லை என்பது, இதே பிரச்சினையை எதிர்நோக்கும் தெற்காசிய நகரங்களுக்கும் பாடமாக அமையக்கூடியது.

நகரும் அதன் குப்பையும்

2014ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி யாங்கோன் பிராந்தியத்தின் மக்கள்தொகை சுமார் 73 லட்சம். நகரப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கின்றனர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் தலைநகரம் நேபிடோவுக்கு மாறத் தொடங்கிய பின்னரும், நாட்டின் வணிகமும் தொழிலும் இங்கேயே தங்கிவிட்டன.

நகரின் 33 வட்டங்களிலும் குப்பை அகற்றும் பொறுப்பு, 1990ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட யாங்கோன் நகர அபிவிருத்திக் குழுவைச் சார்ந்தது. 2010களின் பிற்பகுதியில் நகரில் நாளொன்றுக்கு 2,000 டன்னுக்கும் அதிகமான குப்பை சேர்ந்ததாக மதிப்பிடப்பட்டது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு காய்கறிக் கழிவு, மீந்துபோன உணவு போன்ற மட்கும் பொருட்களே. மீதியில் பிளாஸ்டிக்கின் பங்கு ஆண்டுதோறும் கூடிவந்தது.

நகரின் பழைய பகுதிகளில் குப்பை சேகரிக்கும் முறை எளிமையானது. தள்ளுவண்டியுடன் வரும் தொழிலாளி மணியை ஒலிப்பார். வீட்டில் இருப்பவர்கள் இறங்கிவந்து குப்பையைக் கொடுப்பார்கள். ஆனால் மணி ஒலிக்கும் நேரத்தில் வேலைக்குச் சென்றிருப்பவர்கள், ஏழாவது எட்டாவது மாடியில் மின்தூக்கி இல்லாத கட்டடங்களில் வசிக்கும் முதியவர்கள், லாரி நுழைய முடியாத குடிசைப் பகுதியினர் ஆகியோருக்கு இந்த முறை உதவவில்லை. அவர்களின் குப்பை கால்வாய்க்கோ, காலி நிலத்துக்கோ, வீட்டின் பின்புறச் சந்துக்கோ சென்றது.

யாங்கோனில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை கடும் பருவமழை பெய்யும். கால்வாய்களில் அடைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பைகள் அப்போது வெள்ளமாகத் திரும்பிவருகின்றன.

பிரிட்டிஷ் காலத்துப் பாரம்பரியம்

இன்றைய நகர மையத்தின் சதுரங்கக் கட்ட அமைப்பு, 1852ஆம் ஆண்டின் இரண்டாம் ஆங்கிலேய - பர்மியப் போருக்குப் பின்னர் பிரிட்டிஷ் நிர்வாகத்தால் வகுக்கப்பட்டது. வரிசையாக எண்ணிடப்பட்ட வீதிகளுக்கு இடையே, கட்டடங்களின் முதுகுப்புறத்தில் குறுகலான சந்துகள் உள்ளன. கழிவுகளை அகற்றுவோர் வந்துபோகப் பயன்பட்ட இந்தச் சந்துகள், பிற்காலத்தில் மாடி ஜன்னல்களிலிருந்து வீசப்படும் குப்பை தேங்கும் இடங்களாக மாறின.

அன்றைய ரங்கூனின் தூய்மைப் பணியுடன் இந்தியர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1931ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், சுமார் 4 லட்சம் பேர் கொண்ட ரங்கூனில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களாக இருந்தனர். துறைமுகச் சுமை தூக்குவோராகவும், நகரசுத்தித் தொழிலாளர்களாகவும் பணியாற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் வங்கக் கடலைக் கடந்து வந்தவர்கள். நகர மையத்தில், தமிழர்கள் 1871ஆம் ஆண்டில் எழுப்பிய காளி கோயில் இன்றும் அந்தக் குடியேற்றத்தின் சாட்சியாக நிற்கிறது.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசியபோது, இந்தியத் தொழிலாளர்கள் பெருந்திரளாக நகரைவிட்டு வெளியேறினர். துறைமுகம் முடங்கியது. கழிவகற்றும் பணியும் நின்றுபோனது. அதுவரை யாருடைய கண்ணிலும் படாதிருந்த உழைப்பு எத்தகையது என்பதை நகரம் அப்போதுதான் உணர்ந்தது. போருக்குப் பின்னர் ஒரு பகுதியினர் திரும்பினாலும், 1962ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சியையும் 1964ஆம் ஆண்டின் தேசியமயமாக்கலையும் தொடர்ந்து லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் நாட்டைவிட்டுச் சென்றனர். சென்னையின் பர்மா பஜார் அவர்களின் வருகையை நினைவூட்டும் பெயராகும்.

தெய்ன் பின் தீ

யாங்கோனின் குப்பை முதன்மையாக இரண்டு இடங்களில் கொட்டப்பட்டு வந்தது. ஒன்று, நகரின் மேற்கே லைங் தார் யார் வட்டத்தில் உள்ள தெய்ன் பின் குப்பைமேடு. மற்றொன்று, கிழக்கே வடக்கு டகோன் வட்டத்தில் உள்ள தாவே ஜௌங். இரண்டுமே திறந்தவெளிக் குப்பைமேடுகள்.

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி தெய்ன் பின்னில் தீப்பற்றியது. கடும் கோடையில், குப்பையின் அடியில் தேங்கியிருந்த மீத்தேன் வாயு காரணமாக, மேலே அணைத்தாலும் உள்ளே எரியும் நெருப்பாக அது மாறியது. நூற்றுக்கணக்கான தீயணைப்பு வீரர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாகப் போராட நேர்ந்தது. தாய்லாந்து நிபுணர்களின் உதவியும் நாடப்பட்டது. மேற்கு யாங்கோனைப் புகை மூடியது. மூச்சுத் திணறலால் பாதிக்கப்பட்டோர் மருத்துவமனைகளை நாடினர்.

லைங் தார் யார் அன்று நாட்டின் மக்கள்தொகை மிகுந்த வட்டமாக இருந்தது. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 6 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இருந்தனர். அவர்களில் பலர், 2008ஆம் ஆண்டின் நர்கிஸ் சூறாவளியில் ஐராவதி டெல்டாவிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். வசதியான வட்டங்களின் குப்பை ஏழைகளின் வட்டத்தில் கொட்டப்படுவதையும், அதன் புகையை அவர்களே சுவாசிப்பதையும் அந்தத் தீ நாடறியச் செய்தது.

எரியாலையின் எல்லை

தீ விபத்துக்கு ஓராண்டுக்கு முன்பு, 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், ஷ்வே பீ தா வட்டத்தில் குப்பையை எரித்து மின்சாரம் தயாரிக்கும் ஆலை ஒன்று திறக்கப்பட்டிருந்தது. மியன்மாரின் முதலாவதான இந்த ஆலை, ஜப்பான் அரசின் நிதியுதவித் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் ஜே.எஃப்.இ. நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. அதன் கொள்திறன் நாளொன்றுக்கு 60 டன் குப்பை. மின் உற்பத்தித் திறன் 700 கிலோவாட்.

ஆலை அமைந்தது ஒரு முன்னேற்றமே. ஆயினும் கணக்கு எளிமையானது: 2,000 டன்னுக்கு மேல் சேரும் நகரில் 60 டன் என்பது 3 சதவீதம்கூட இல்லை. மேலும் முக்கால் பங்கு ஈரமான உணவுக் கழிவாக இருக்கும் குப்பை எளிதில் எரிவதில்லை. வீட்டிலேயே ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் பிரித்தால் எரியாலைக்கும் நன்மை, உரம் தயாரிப்போருக்கும் நன்மை, பழைய பொருள் வணிகர்களுக்கும் நன்மை. ஆக, எந்தத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பிரச்சினை மீண்டும் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது.

ஈரக் குப்பைக்குப் பச்சை நிறப் பையும், உலர் குப்பைக்கு நீல நிறப் பையும் பயன்படுத்துமாறு நகர அபிவிருத்திக் குழு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் பிரித்துக் கொடுத்த குப்பை லாரியில் மீண்டும் ஒன்றாகச் சேருவதைக் காணும் குடும்பத்தினர் மறுநாள் பிரிப்பதற்கு முன்வர மாட்டார்கள். ஒரு தரப்பு தன் கடமையைச் செய்ய, மற்றைய தரப்பும் செய்யும் என்ற நம்பிக்கை தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

யார் யாருக்கு என்ன வேண்டும்?

எடுப்பது, பயன்படுத்துவது, எறிவது என்ற நேர்கோட்டுக்கு மாற்றாக, எறியப்படுவதை மீண்டும் மூலப்பொருளாக்கும் முறையே சுழற்சிப் பொருளாதாரம் எனப்படுகிறது. இந்தப் பெயர் புதியது, நடைமுறை பழையது. யாங்கோன் வீதிகளில் மிதிவண்டியிலும் தள்ளுவண்டியிலும் கூவிக்கொண்டு வரும் வியாபாரிகள் பழைய செய்தித்தாள், போத்தல், தகரம் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கிச் செல்கின்றனர். குப்பைமேடுகளில் பொறுக்குவோர் எஞ்சியதைச் சேகரிக்கின்றனர். அவை காயலான் கடைகள் வழியாகத் தொழிற்பேட்டைகளுக்கும், எல்லை கடந்தும் செல்கின்றன.

நகரின் மறுசுழற்சியில் பெரும்பகுதியைச் செய்வது இந்த அமைப்புசாராத் தொழிலாளர்களே. ஆனால் நகர நிர்வாகத்தின் திட்டங்களில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. கையுறையோ, மருத்துவ வசதியோ, நிலையான விலையோ அவர்களுக்கு இல்லை.

தரப்புகளின் நலன்கள் ஒன்றுக்கொன்று முரண்படவும் செய்கின்றன. குப்பைமேடு மூடப்பட்டால் சுற்றுவட்ட மக்களுக்கு நிம்மதி. பொறுக்குவோருக்கு வருமான இழப்பு. குப்பைக் கட்டணம் உயர்ந்தால் நகரசபைக்கு லாரி வாங்கப் பணம். ஏழைக் குடும்பம் கட்டணத்தைத் தவிர்க்கக் குப்பையைக் கால்வாயில் போடும். மலிவான சிறு பாக்கெட்டுகள் நுகர்பொருள் நிறுவனங்களுக்கு விற்பனையைப் பெருக்குகின்றன. அந்த மெல்லிய பாக்கெட்டுகளைக் காயலான் கடைக்காரர் வாங்க மாட்டார். எனவே 'ஒத்துழைப்பு' என்பது வேண்டுகோளால் வருவதல்ல. இழப்பையும் ஆதாயத்தையும் எப்படிப் பங்கிடுவது என்ற பேரம் அதற்குள் அடங்கியிருக்கிறது.

சந்துகளில் நடந்த பரிசோதனை

அத்தகைய பேரம் சிறிய அளவில் வெற்றிபெற்ற இடம் நகர மையத்தின் பின்புறச் சந்துகள்தான். 'நமது வீடு' என்று பொருள்படும் 'டோ எய்ன்' என்ற சமூகத் தொழில்முனைவு அமைப்பு, 2010களின் பிற்பகுதியில் குப்பை நிறைந்த சந்துகளைச் சுத்தம் செய்து, செடிகளும் சுவரோவியங்களும் சிறுவர் விளையாடும் வசதியும் கொண்ட தோட்டங்களாக மாற்றியது.

இதில் கவனிக்கத்தக்கது வழிமுறையே. சந்தின் இருபுறமும் வசிப்போருடன் முதலில் பேசப்பட்டது. நகர அபிவிருத்திக் குழுவின் அனுமதியும் பெறப்பட்டது. பிள்ளைகள் விளையாடும் இடமாகச் சந்து மாறிய பிறகு, மேலிருந்து குப்பை வீசுவது அயலவரின் பிள்ளை மீது வீசுவதாகிவிட்டது. அபராதம் செய்ய முடியாததை அந்தக் கூச்சம் செய்தது.

வேறு முயற்சிகளும் தோன்றின. ஆற்றின் மறுகரையிலுள்ள டாலாவில் 'சூ சூ' என்ற குழு, எறியப்பட்ட பிளாஸ்டிக்கிலிருந்து பைகளையும் கைவினைப் பொருட்களையும் தயாரித்தது. 'ரெசிக்ளோ' என்ற நிறுவனம் அலுவலகங்களிலிருந்து பிரிக்கப்பட்ட கழிவைக் கட்டணம் பெற்றுச் சேகரித்தது. 'தாண்ட் மியன்மார்' என்ற அமைப்பு பிளாஸ்டிக் மாசு குறித்த ஆய்விலும் பிரசாரத்திலும் ஈடுபட்டது. அந்த அமைப்பும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஃபானா அண்ட் ஃப்ளோராவும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஐராவதி ஆற்றில் நாளொன்றுக்குச் சுமார் 119 டன் பிளாஸ்டிக் கலந்துகொண்டிருந்தது.

தேசிய அளவில், 2018 முதல் 2030 வரையிலான காலத்துக்கான கழிவு மேலாண்மை உத்தியும் பெருந்திட்டமும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் உள்ளிட்ட அமைப்புகளின் உதவியுடன் வகுக்கப்பட்டன. திறந்தவெளிக் குப்பைமேடுகளைப் படிப்படியாகக் கைவிடுவதும், குப்பையைக் குறைத்து மறுசுழற்சியைப் பெருக்குவதும் அதன் நோக்கங்கள்.

நகர நிர்வாகத்தின் ஜனநாயகத் தன்மையும் மெதுவாக விரிந்துவந்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் நகர அபிவிருத்திக் குழுவுக்கு நடந்த தேர்தலில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு மட்டுமே இருந்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கப்பட்டது. வாக்களித்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும் குப்பை அள்ளப்படாவிட்டால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைக்கத் தொடங்கியிருந்தது.

2021க்குப் பின்னர்

ஆட்சிக் கவிழ்ப்பு அந்தப் போக்கை முறித்தது. அரசு ஊழியர்களின் ஒத்துழையாமை இயக்கத்தில் நகரசபைப் பணியாளர்களும் பங்குகொண்டனர். பலர் வேலை இழந்தனர். வட்டார மட்டத்தில் மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் பாலமாக இருந்த வார்டு நிர்வாகிகளின் இடத்தில் இராணுவம் தனது ஆட்களை நியமித்தது. அவர்கள் உளவு பார்ப்பதாகச் சந்தேகிக்கப்பட்டனர்; சிலர் கொல்லவும்பட்டனர்.

2021ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் தேதி லைங் தார் யாரில் பாதுகாப்புப் படையினர் நடத்திய தாக்குதலில் குறைந்தது 65 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கூறியது. அன்றிரவே லைங் தார் யாரிலும் ஷ்வே பீ தாவிலும் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வடக்கு டகோன் உட்பட மேலும் சில வட்டங்களுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது. நகரின் இரு பெரும் குப்பைமேடுகளும் எரியாலையும் அமைந்துள்ள மூன்று வட்டங்களும் இந்தப் பட்டியலில் அடங்கியிருந்தன. இது தற்செயல் அல்ல. குப்பை, தொழிற்சாலை, குறைந்த வாடகை, வறுமை ஆகியவை ஒரே விளிம்புப் பகுதிகளில் குவிந்திருந்தன. எதிர்ப்பும் அங்கேயே கடுமையாக எழுந்தது.

இதன் விளைவு, நன்கொடை நாடுகள் பல அரசு மட்டத்திலான ஒத்துழைப்பைக் குறைத்துக்கொண்டன. தன்னார்வ அமைப்புகள் நிர்வாகத்துடன் ஒரே மேசையில் அமர்வதே அரசியல் நிலைப்பாடாகப் பார்க்கப்படும் நிலை உருவானது. வீடு வீடாகச் சென்று கூட்டம் நடத்துவது ஆபத்தான செயலானது. குப்பையைப் பிரிக்கப் பையும் பாத்திரமும் இருந்தன. அதைப்பற்றிக் கூடிப் பேசும் சூழ்நிலைதான் இல்லாது போயிற்று.

அந்நிய நாட்டுக் குப்பை

இதற்கிடையே, வெளிநாட்டுக் குப்பையும் யாங்கோனை வந்தடைந்தது. பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் சீனா நிறுத்தியதும், பணக்கார நாடுகளின் கழிவு தென்கிழக்காசியாவை நோக்கித் திரும்பியது. தாய்லாந்து வழியாக வந்த மேற்கத்திய நாடுகளின் பொதியுறைகள் ஷ்வே பீ தாவின் குடியிருப்புகளை ஒட்டிக் கொட்டப்பட்டிருந்ததை, பல ஊடகங்கள் கூட்டாக நடத்தி 2023இல் வெளியிட்ட புலனாய்வு எடுத்துக்காட்டியது.

அபாயகரமான கழிவுகளின் எல்லை கடந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் மியன்மார் 2015ஆம் ஆண்டில் இணைந்திருந்தது. உடன்படிக்கை இருந்தும், அதை நடைமுறைப்படுத்துமாறு கேள்வி கேட்கக்கூடிய பத்திரிகையும் மன்றமும் ஒடுக்கப்பட்ட நாட்டில் அதன் வலு எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. தாய்லாந்து 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஓரிடத்தில் கதவு மூடப்படும்போது, கண்காணிப்புக் குறைந்த வேறோர் இடத்தைக் குப்பை வணிகம் தேடிச் செல்வது கடந்த காலத்தில் கண்ட அனுபவம்.

மற்றைய நகரங்களின் அனுபவம்

இந்தப் பிரச்சினை யாங்கோனுக்கு மட்டும் உரியது அல்ல. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகள் மீது விழுந்ததில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தக் குப்பைமேட்டுக்கு எதிராகப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருந்தனர். சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் பற்றிய தீயும் சில நாட்கள் நீடித்தது.

மாறாக, இந்தியாவின் புனே நகரம் வேறொரு வழியைக் காட்டியது. அங்கு குப்பை பொறுக்குவோர் 1993ஆம் ஆண்டில் தொழிற்சங்கமாகத் திரண்டனர். அதன் தொடர்ச்சியாக உருவான 'ஸ்வச்' கூட்டுறவுச் சங்கம், 2008ஆம் ஆண்டில் நகரசபையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பணியை ஏற்றது. குடும்பங்கள் சிறு கட்டணம் செலுத்துகின்றன; உலர் கழிவை விற்கும் வருமானம் தொழிலாளியைச் சேருகிறது. பிரித்துக் கொடுக்காத வீட்டாரிடம், தினமும் வந்துபோகும் அதே பெண்மணி நேருக்கு நேர் கேட்கிறார். புனேயிலும் ஒப்பந்தம் புதுப்பிப்பது தொடர்பாக இழுபறிகள் ஏற்பட்டதுண்டு. ஆனாலும் அங்கே பொறுக்குவோர் பேரம் பேசக்கூடிய ஒரு தரப்பாக அங்கீகரிக்கப்பட்டுள்ளனர்.

எஞ்சியிருப்பது என்ன?

யாங்கோனில் மாற்றத்துக்கான கூறுகள் முற்றாக அழிந்துவிடவில்லை. முக்கால் பங்கு மட்கும் குப்பை என்பது ஒரு சாதகம்: அதை வார்டு அளவிலேயே உரமாக்கினால் லாரிச் செலவும், குப்பைமேட்டின் மீத்தேனும், தீ அபாயமும் ஒருசேரக் குறையும். பழைய பொருள் வியாபாரிகளின் வலைப்பின்னல் எந்த அரசின் உத்தரவும் இன்றி இயங்கிவருகிறது. சந்துத் தோட்டங்களில் பெற்ற அனுபவம் நகரவாசிகளின் நினைவில் இருக்கிறது.

ஆனால் இவற்றை ஒரு மாநகரத் திட்டமாக இணைக்க, மக்கள் நம்பக்கூடிய, மக்களுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு நகர நிர்வாகம் தேவை. 1941இல் தொழிலாளர்கள் உயிருக்கு அஞ்சி வெளியேறியபோது ரங்கூன் நாறியது. 2021இல் நகரவாசிகள் தாமாகவே குப்பையை வீதியில் போட்டனர். காரணங்கள் வேறு; ஆனால் குப்பையைச் சுமக்கும் மக்களைப் புறக்கணித்துவிட்டு ஒரு நகரைத் தூய்மையாக வைத்திருக்க முடியாது என்பதையே இரண்டும் காட்டுகின்றன. தெய்ன் பின்னின் அடுத்த தீயைத் தடுப்பதற்கான பேச்சுவார்த்தையில், அதன் அடிவாரத்தில் வசிப்பவர்களுக்கும் அதைக் கிளறிப் பிழைப்பவர்களுக்கும் இடம் கிடைக்குமா என்பதைப் பொறுத்தே யாங்கோனின் குப்பைப் பிரச்சினை எத்திசையில் செல்லும் என்பது அமையும்.